இருநூற்று நாற்பது நொடி

காலையில் எழ நான் இரண்டு அலாரம் வைப்பேன் ஐயா. ஒன்று கைப்பேசியில், இன்னொன்று தலைமாட்டுக் கடிகாரத்தில். முதல் அலாரத்திலேயே எழுந்துவிடுவேன், இரண்டாவதை அடிக்கவிட்டதே இல்லை. ஆனாலும் வைப்பேன். மூக்குக்கண்ணாடி இரண்டு, வீட்டுச் சாவி இரண்டு. இதற்காக என் தங்கை என்னைக் கேலி செய்யாத நாளில்லை. "பொண்டாட்டி மட்டும் எப்படிண்ணா ஒண்ணோட நிறுத்திக்கிட்ட?" என்று கேட்டுவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது அவள் என்னைப் பார்க்க வரமாட்டேன் என்றதாகச் சொன்னீர்கள். பரவாயில்லை. அவளுக்கும் கொஞ்சம் நாள் ஆகும்.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கேமராப் படத்தில் அடித்தது தெரிகிறது, யாரை அடித்தேன் என்பதும் தெரிகிறது. அடித்த பிறகு எட்டு நிமிடத்துக்கும் மேல் ஏன் அவர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் உங்களுக்குப் பிடிபடவில்லை. நியாயமான கேள்வி. பதில் சொல்ல என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். உங்கள் பக்கத்தில் இருக்கும் இந்த அம்மா நிதானமாகவே தட்டச்சு செய்யட்டும், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

அந்த மருத்துவமனையின் கணினி வலையை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டவன் நான். அறுநூறு படுக்கை. எல்லா மாடிகளிலிருந்தும் வருகிற கம்பிகள் தரைத்தளத்தில் இரண்டு பெரிய ஸ்விட்சுகளில் வந்து சேரும். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. எந்தச் செய்தி எந்த மாடிக்குப் போகவேண்டும் என்று பார்த்துப் பார்த்து அனுப்புகிற பெட்டி, இடுப்புயரம் இருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, தொலைபேசி, கதவுப் பூட்டு, கேமரா, எல்லாம் அதன் வழியாகத்தான். வேலைக்கு ஒரு பெட்டியே போதும். அது செத்தால் மொத்தமும் செத்துவிடும் என்பதற்காக இரண்டு. ஒன்று முதல், மற்றது துணை. நாங்கள் பெரியவன், சின்னவன் என்போம். தீப்பிடித்தால் சேர்ந்து எரியக்கூடாது என்று நடைபாதையின் இந்தக் கோடி அறையில் ஒன்று, அந்தக் கோடி அறையில் ஒன்று.

இரண்டுக்கும் நடுவே இரண்டு கேபிள். தடித்த கேபிளில் வேலையைப் பகிர்ந்துகொள்வார்கள். மெல்லியதில் வேறு பேச்சே கிடையாது, நொடிக்கு ஒரு தடவை 'இருக்கிறாயா', 'இருக்கிறேன்', அவ்வளவுதான். தடித்தது அறுந்துபோனாலும் மெல்லியதில் பெரியவனின் குரல் கேட்டுக்கொண்டிருந்தால், சின்னவன் தன் வாசல்களையெல்லாம் தானே சாத்திக்கொண்டு ஒதுங்கிவிடுவான். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான மரியாதை அதுதான் ஐயா. இரண்டு கேபிளும் ஒன்றாக அறுந்தால்தான் ஆபத்து. மற்றவன் செத்துவிட்டான் என்று இருவருமே நினைத்துக்கொண்டு, நான்தான் பெரியவன் என்று இருவருமே கிளம்புவார்கள். அப்புறம் ஒரு செய்தியும் போய்ச் சேராது. அதனால் அந்த இரண்டு கேபிளையும் வேறு வேறு வழியில் கொண்டுபோகவேண்டும் என்பது விதி.

இன்னொரு விதியும் இருக்கிறது. இரண்டும் அணைந்து மறுபடி எழும்போது, முதலில் எழுந்தவன் எடுத்த எடுப்பில் பொறுப்பை எடுத்துக்கொள்ள மாட்டான். மற்றவனிடமிருந்து குரல் வருகிறதா என்று இருநூற்று நாற்பது நொடி காத்திருப்பான். வந்தால் சரி. வரவே இல்லையென்றால், அவன் இல்லை என்று குறித்துவிட்டு எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்வான். நான்கு நிமிடம். சும்மா உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், நீளமான நேரம்.

இனி மாப்பிள்ளையைப் பற்றி. என் தங்கை வீட்டுக்காரர். பதினோரு வருடத்துக்கு முன்னால் வேலை இல்லாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தவரைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து என்னிடமே சேர்த்துக்கொண்டேன். வீட்டில் என்னைவிட எட்டு வயது சின்னவர் ஆனாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்று பேசுவேன், நல்ல நாற்காலியை அவருக்கு விடுவேன். மருத்துவமனைக்குள் நான் முதல், அவர் துணை. அங்கே நீ, வா, போதான். இதில் எங்களுக்குள் ஒரு குழப்பமும் வந்ததில்லை, வாசல் கதவைத் தாண்டும்போதே மாற்றிக்கொள்வோம். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். அவரைப் பற்றி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஒரே ஒரு தடவை ஒரு சங்கடம் வந்தது. எந்தப் பெட்டி முதல் என்பதை ஒரு எண்தான் தீர்மானிக்கும். நான் விடுப்பில் இருந்த ஒரு வாரத்தில், பெரியவன் சூடாகிறான் என்று சொல்லி, மாப்பிள்ளை எண்களை மாற்றிச் சின்னவனை முதலாக்கிவிட்டார். தப்பு சொல்லமுடியாது, பெரியவனின் விசிறி ஒன்று பழுதாகித்தான் இருந்தது. நான் வந்து விசிறியைப் புதிதாகப் போட்டேன், எண்களைப் பழையபடி வைத்தேன். அவர் பெட்டியை வைத்திருக்கிற அலமாரியின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அலமாரிக் கதவைச் சாத்தினேன். அவர் விரல்கள் அங்கே இருந்தது எனக்குத் தெரியும். இரண்டு நகம் கழன்றது, நடுவிரல் எலும்பில் விரிசல். அவர் கத்தவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானேதான் அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போடவைத்தேன். தங்கையிடம் அவரே, "கதவு காத்துல சாத்திக்கிச்சு" என்று சொல்லிவிட்டார். ஜன்னலே இல்லாத அறை அது. அதற்கப்புறம் அவர் எண்களைத் தொடவில்லை.

ஒன்பது வாரத்துக்கு முன்னால் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மத்தியானம் மூன்று மணி. அந்த நடைபாதையில் ஃபால்ஸ் சீலிங் போடுகிற ஒருவர் மேலே துளை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய டிரில்லிங் மெஷின் கேபிள் போகிற டிரேயைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டு கேபிளும் ஒரே நொடியில் அறுந்தன. ஏனென்றால் இரண்டும் ஒரே டிரேயில்தான் இருந்தன. அதைப் போட்டது நான். பதினோரு வருடத்துக்கு முன்னால் புதுக் கட்டடம் திறக்க இரண்டே நாள் இருந்தபோது, இன்னொரு வழிக்கு மூன்று சுவரை உடைக்கவேண்டும் என்றார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, வரைபடத்தில் மட்டும் இரண்டு வழி வரைந்துவைத்தேன். மாப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும்.

மருத்துவமனை முழுக்க வலை செத்தது. மாப்பிள்ளை ஓடிவந்தார். "மச்சான், ரெண்டும் சண்ட போடுது. சின்னவனப் புடுங்கிடலாம், ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும்."

அவர் சொன்னது சரி. ஆனால் பக்கத்தில் அலுவலக மேலாளர் நின்றுகொண்டிருந்தார். சின்னவனைப் பிடுங்கினால் இரண்டு கேபிளும் சேர்ந்து போயிற்று என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். "ரெண்டு வழியில போற கேபிள் எப்படிடா சேந்து அறுபடும்? கோளாறு வேற எங்கயோ இருக்கு, போய்த் தேடு" என்று அவரை நான்காம் மாடிக்கு அனுப்பினேன். நாற்பத்தொரு நிமிடம் தேடவைத்தேன். மேலாளர் கிளம்பிப் போனதும் நானே சின்னவனைப் பிடுங்கினேன். அந்த நாற்பத்தொரு நிமிடத்துக்குள் மூன்றாம் மாடியில் பிரசவம் முடிந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. ரத்த வங்கிக்கு அனுப்பிய சீட்டு போகவில்லை, தொலைபேசியும் ஊமை. ஒரு நர்ஸ் படியிறங்கி ஓடி ரத்தப் பையோடு திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. மெத்தையைத் தாண்டித் தரைவரை இறங்கியிருந்தது என்று சொன்னார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

அந்தப் பெண்ணின் அண்ணன்மார் இரண்டு பேர். நடைபாதையில் வந்து, யாரால் இது என்று கேட்டார்கள். சீலிங் போடுகிறவர் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அவர்தான் துளை போட்டார் என்று காட்டினேன். பொய்யில்லையே. அவர்கள் அவரை அவருடைய மெஷினாலேயே அடித்தார்கள். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது, இடது கண் போயிற்று. விழுந்த பிறகும் ஒருவன் அவர் விலாவில் மிதித்துக்கொண்டே இருந்தான், ஈரத்துணியை மிதிப்பது மாதிரி ஒரு சத்தம். நடுவழியில் ஒரு தள்ளுவண்டி நின்றது. யாரும் தடுக்கி விழக்கூடாதே என்று அதை ஓரமாக நகர்த்தினேன்.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். வரைபடத்தைக் காட்டினேன். சீலிங் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்த ஆளே இரண்டாவது கேபிளை இழுத்து இந்த டிரேயில் போட்டுவிட்டார் என்றேன். தாடையைக் கம்பியால் கட்டிவைத்திருந்ததால் அவரால் எதுவும் சொல்லமுடியவில்லை. அவர் மேல் வழக்கும் போட்டார்கள்.

மாப்பிள்ளை தினமும் அவரைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது கூட உட்கார்ந்திருப்பாராம். ஒரு நாள் என்னிடம் வந்து நின்றார். "மச்சான், அந்த ஆளு ஒத்தக் கண்ணால என்னையே பாக்குறாரு. என்னால முடியல."

"பாக்காத. போகாத" என்றேன்.

அவர் கேட்கவில்லை. புதிதாகத் தனி வழியில் கேபிள் போட்டு, இரண்டு பெட்டியையும் அணைத்து எழுப்பிச் சோதித்துக் காட்டவேண்டும் என்று குழு உத்தரவு போட்டிருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சோதனை, வலை இல்லாத நேரத்துக்கு எல்லா மாடியிலும் ஆள் நிறுத்தியிருந்தார்கள். திங்கட்கிழமை குழு மறுபடி கூடும். அங்கே என் பெயரைச் சொல்லப்போவதாக மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று நிதானமாக யோசித்துப் பார்த்தேன். என்னை வெளியே அனுப்புவார்கள். அறுநூறு படுக்கையும் அவர் தலையில் விழும், அவரால் தாங்கமுடியாது. இன்னொரு பெண் சாவாள், இன்னொரு குழந்தை தாயில்லாமல் போகும். நோயாளிகளை நினைத்துத்தான் முடிவுக்கு வந்தேன். அம்மா, இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை இரண்டு பெட்டிகளையும் அணைத்தோம். பெரியவனை நான் போட்டுவிட்டு நடைபாதை வழியாகச் சின்னவன் அறைக்கு வந்தேன். பெரியவன் எழ ஆறு நிமிடம், காத்திருக்க நான்கு நிமிடம், ஆகப் பத்து நிமிடம். அதுவரை கட்டடத்தில் ஒரு கேமராவும் படம் அனுப்பாது, ஒரு கதவும் யார் வந்தார் போனார் என்று குறித்துவைக்காது. மாப்பிள்ளை சின்னவன் முன்னால் மண்டியிட்டு, புதுக் கேபிளின் முனையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏணி இருந்தது.

இந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கிற பாகமும் இரண்டு. பின்பக்கம் செருகியிருக்கும், ஒன்றைக் கழற்றினாலும் பெட்டி ஓடும், அதற்குத்தானே இரண்டு. நல்ல கனம். இழுக்கிறதற்கு ஒரு கைப்பிடியும் உண்டு, கைக்கு வாகாக இருக்கும். அதை உருவினேன்.

"போடட்டுமா மச்சான்?" என்று திரும்பாமலே கேட்டார்.

"இருங்க மாப்பிள்ளை" என்றேன். அந்த அறையில் அவரை நான் 'இருங்க' என்றது அதுதான் முதல் தடவை. ஆச்சரியப்பட்டுத் திரும்பினார். அதனால் அடி பின்மண்டையில் விழாமல் காதுக்கு மேலே விழுந்தது. அலமாரியின் விளிம்பில் நெற்றி மோதிச் சரிந்தார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். எண்ண ஆரம்பித்தேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான் ஐயா. நான் முறை தெரியாதவன் இல்லை. அவர் குரல் கொடுக்க அவருக்கு நேரம் கொடுத்தேன். இருநூற்று நாற்பது நொடி, இயந்திரத்துக்குக் கொடுக்கிற அதே அளவு.

எழுபதாவது நொடியில் "மச்சான்" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். வாயில் ரத்தம் நிறைந்து நுரைத்தது. கை என் செருப்பைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. குரல் வந்துவிட்டால் எண்ணிக்கை செல்லாது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு இன்னொரு தடவை அடித்தேன். இந்தத் தடவை எலும்பு உள்ளே போனது கைக்குத் தெரிந்தது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

நூற்றுத் தொண்ணூறு வரை ஒன்றுமில்லை. அப்புறம் அவருடைய குதிகால் தரையில் தேய்ந்தது, ஒரு தடவை, இன்னொரு தடவை. அது குரல் ஆகுமா என்று யோசித்தேன். சந்தேகத்தின் பலனை அவருக்கே கொடுத்தேன், அதையும் குரலாகவே எடுத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை எண்ணும்போது கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தடவை இருநூற்று நாற்பதும் முழுதாக ஓடியது. வலை எழ இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. அந்தப் பாகத்தைத் துடைத்து அதன் இடத்தில் செருகினேன், ஏணியைச் சாய்த்துப் போட்டேன். கதவுப் பூட்டு டிக் என்றது. பெரியவன் எழுந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டான். சின்னவனைப் போட்டேன். நான் செருகிய பாகத்தில் பச்சை விளக்கு எரிந்தது. நல்ல தயாரிப்பு. அப்புறம்தான் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு வெளியே ஓடினேன்.

கேமராவை மறந்துபோனேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. வலை இல்லாத நேரத்தில் கேமரா தனக்குள்ளேயே ஒரு சின்ன கார்டில் படத்தைச் சேர்த்துவைத்து, வலை வந்ததும் அனுப்பிவிடும். ஒன்று போனால் இன்னொன்று வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். வேறு யாராவது செய்திருந்தால் பாராட்டியிருப்பேன்.

உங்கள் கையில் அந்தப் படம் கிடைப்பதற்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் தங்கை வீட்டில்தான் இருந்தேன். யாருக்குச் சொல்வது, எந்த வண்டி, எத்தனை மணிக்கு எடுப்பது, எல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எனக்கு எல்லாம் நீதாண்ணா" என்று அழுதாள். நானும் அழுதேன் ஐயா, அது பொய்யில்லை. நல்ல நாற்காலி காலியாக இருந்தது. அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிற இந்தத் தாள். அவர் வீட்டு பீரோவிலிருந்து தங்கை எடுத்துக் கொடுத்தாள் என்கிறீர்கள். குழுவுக்கு மாப்பிள்ளை எழுதிய கடிதம். 'இரண்டு கேபிளையும் ஒரே டிரேயில் போட்டது நான்தான், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், எனக்கு விவரம் தெரியாது, என் மேலதிகாரிக்கு இது தெரியவே தெரியாது, சீலிங் வேலை செய்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை' என்று எழுதியிருக்கிறது. வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மாவும் தட்டுவதை நிறுத்திவிட்டார். அடப்பாவி, உன்னைக் காப்பாற்ற நினைத்தவனை, தெரியாமல் கொன்றுவிட்டாயே என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது வரியைப் பாருங்கள் ஐயா. கிழக்கு நடைபாதை என்று இருந்ததை அடித்துவிட்டு மேற்கு என்று மேலே எழுதியிருக்கிறது அல்லவா. அது என் கையெழுத்து. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் உட்கார்ந்து படித்துத் திருத்திக் கொடுத்தேன். தங்கை உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்படிச் சொல்லிட்டா அந்த ஆளும் தப்பிச்சிருவாரு, நீங்களும் தப்பிச்சிருவீங்க மச்சான். எனக்கு இன்னொரு வேல கெடைக்காமயா போயிடும்?" என்றார் மாப்பிள்ளை.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றேன். டீயைக் குடித்தேன். அவர் வாசல்வரை வந்து என்னை வழியனுப்பினார், தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பதினோரு வருடத்தில் அவர் என் தோளில் கை வைத்ததே இல்லை.

அதனால் அம்மா, முன்னால் நான் சொன்னதில் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் என் பெயரைச் சொல்லப்போகிறார் என்றேன், அது சரியில்லை. நோயாளிகளைப் பற்றிச் சொன்னதையும் எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமைக்கு அப்புறம் நான் என் இடத்திலேயே இருந்திருப்பேன், என் சம்பளம், என் நாற்காலி, என் பெரியவன், எல்லாம் அப்படியே இருந்திருக்கும். ஆனால் அத்தனையும் மாப்பிள்ளை விட்டுக்கொடுத்தது. ஒவ்வொரு நாளும் எழுந்து அதில் போய் உட்காரவேண்டும். வீட்டிலும் அவர்தான் பெரியவர், வெளியிலும் அவர்தான் பெரியவர். எந்தக் கதவைத் தாண்டினாலும் எனக்கு மாற்றிக்கொள்ள ஒன்றும் மிச்சமிருக்காது.

அவர் மட்டும் என் பெயரை எழுதியிருந்தால், ஐயா, அவரை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.